நான்கு பக்க மனு

காலனித் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் வர வழியில்லை, இது சம உரிமைப் பிரச்சினை என்று எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு நான்கு பக்கம் மனு எழுதியவன் நான். வழியை அடைத்துக்கொண்டு நிற்பது என் வீட்டு மதில்தான் என்பது மட்டும் எனக்கு உறைக்கவே இல்லை.

கிளியனூருக்கு அவர் நேரிலேயே வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், காலில் ரப்பர் செருப்பு. எந்த ஊருக்குப் போனாலும் புறம்போக்கைக் காலடியால் அளந்து பார்ப்பது அவர் வழக்கமாம். வாய்க்குள் எண்ணியபடி நடந்தவர், என் மதிலில் கைவைத்து நின்றார்.

“மூணடி வெளிய வந்துட்டீங்க சார்.”

“மேஸ்திரி பண்ண வேலைங்க,” என்றேன்.

“வலி வந்த பொண்ண கட்டிலோட தூக்கிக்கினு ரோட்டுக்கு ஓடினாங்கன்னு உருக்கமா எழுதியிருந்தீங்களே. இந்தச் செவுத்த சுத்தித்தான ஓடியிருப்பாங்க?”

குரலை உயர்த்தவே இல்லை அந்த மனிதர். இன்றும் அதுதான் சுடுகிறது. மறுநாளே மதிலை இடித்தேன். என் எழுத்து ஒரு சட்டமன்ற உறுப்பினரையே வரவழைத்துவிட்டது என்ற பெருமை மட்டும் இடியாமல் நின்றது. பிறகொரு நாள் திண்டிவனத்தில் அவருடைய உதவியாளரைப் பார்த்தபோது அதைச் சொல்லிவைத்தேன்.

“நாலு பக்கத்துல என்ன வேணும்னும் எழுதல, போன் நம்பரும் போடல. அத கேக்கத்தான் சார் வந்தோம்,” என்றார்.