ஏழாம் பாகமும் தாய்மாமன் மடியும்

“சித்தப்பா, ஞாயித்துக்கிழமை எம் புள்ள யாரு மடியில உக்காரும்?”

போன வியாழக்கிழமை காலையில் போனை எடுத்ததும், ஹலோ கூடச் சொல்லாமல் கவிதா கேட்ட கேள்வி இது.

கவிதா, ராசிங்காபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் வளர்ந்த பெண். கல்யாணமாகிப் போடியில் இருக்கிறாள். ஒன்றரை வயதில் ஒரு மகள். அந்தப் பிள்ளைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். பந்தல் போடாமல் நடத்தலாம், கிடா வெட்டாமல் நடத்தலாம்... தாய்மாமன் இல்லாமல்?

“ஏன், பாண்டிக்கு என்ன?” என்றேன். பாண்டி அவளுடைய ஒரே அண்ணன். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில், காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை.

“அண்ணன் வரமாட்டேங்குது. இவரும் போய் அழைக்க மாட்டேங்கிறாரு.”

“சீர் செனத்தியில எதுவும்...?”

“அதெல்லாம் இல்ல சித்தப்பா. கேமு.”

எனக்குச் சரியாகக் கேட்கவில்லையோ என்று போனை மறு காதுக்கு மாற்றினேன். சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

கம்ப்யூட்டரில் ஆடும் ரோல்-பிளேயிங் கேம். நாமே ஒரு வீரனாகி, ஊர் ஊராக நடந்து, ஆட்களிடம் பேசி, சண்டை போட்டு, நாற்பது ஐம்பது மணி நேரம் வேறொரு உலகத்தில் குடியிருந்துவிட்டு வரும் சமாச்சாரம். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இரண்டு அணியும் சேர்ந்து எனக்கு மெயில் போடும். இருபது வருஷமாக வருகிறது. இதுவரை ஏழு பாகம்.

கவிதாவின் கணவன் செந்திலும் பாண்டியும் இந்தக் கேமின் பரம ரசிகர்கள். பெண் பார்க்க வந்த அன்று செந்தில் பெண்ணோடு பேசியது பத்து நிமிஷம். பாண்டியோடு பேசியது ஒன்றரை மணி நேரம் – மூன்றாம் பாகத்தைப் பற்றி. “எனக்கு மாப்ளயப் பிடிச்சிருக்கு” என்று அந்த வீட்டில் முதலில் சொன்னதே பாண்டிதான்!

அப்படிப்பட்டவர்களுக்குள் என்ன வந்தது? ஏழாம் பாகம் வந்தது.

முதல் ஆறு பாகத்தில் ஆட்டத்தை எங்கே வேண்டுமானாலும் சேவ் பண்ணிவிட்டு எழுந்து போகலாம். ஏழாம் பாகத்தில் கம்பெனிக்காரன் அதை எடுத்துவிட்டான். வழியில் அங்கங்கே ஒரு விளக்கு இருக்கும். அதைத் தொட்டால்தான் சேவ். அடுத்த விளக்கு எங்கே என்று தெரியாது. நடுவில் செத்தால் பழைய விளக்கிலிருந்து மறுபடியும் நடக்க வேண்டும்.

செந்தில் ‘இதுதான் கேம்’ என்று ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பக்கம் பக்கமாகப் பாராட்டி எழுதினான். மறுநாள் பாண்டி எழுதினான்: ‘இதைப் பாராட்டுறவனுக்கு மண்டையில ஒண்ணுமில்ல.’ குரூப்பில் முந்நூறு பேர். யாரைச் சொல்கிறான் என்று முந்நூறு பேருக்கும் தெரியும்.

செந்தில் பதில் போட்டான்: ‘ஆடத் தெரியாதவன் கேமைக் குறை சொல்லுவான்.’ போட்ட கையோடு பாண்டியைக் குரூப்பிலிருந்து தூக்கிவிட்டான். அட்மின் அவன்தானே?

மச்சானை... முந்நூறு பேர் பார்க்க...

பாண்டி செந்திலின் நம்பரை பிளாக் பண்ணினான். அதற்குப் பிறகுதான் காதுகுத்துப் பத்திரிகை அச்சாகி வந்தது. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் போய் அழைக்க வேண்டிய தாய்மாமனுக்கு, செந்தில் பத்திரிகையை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறான். போய்ச் சேராமல் ஒரு டிக்கோடு நிற்கிறது. இன்றைக்கும் ஒரு டிக்தான்.

“இவரு, ‘அனுப்பிட்டேன்ல’ங்கிறாரு. அண்ணன், ‘எனக்கு எதுவும் வரல’ங்குது. ரெண்டும் உண்மைதான் சித்தப்பா. நான் என்ன செய்ய? சொந்தக்காரங்க எல்லாம், நகை போடுறதுலதான் தகராறுன்னு பேசிக்கிறாங்க. கேமுன்னு சொன்னா சிரிக்கிறாங்க.”

வெள்ளிக்கிழமை காலையில், தோட்டத்துக்குப் போகும் ஆட்களோடு நெருக்கியடித்து ஜீப்பில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். பேச்சுக்கா பஞ்சம் நமக்கு?

பாண்டி ஷிஃப்ட் முடிந்து ரூமில் இருந்தான். ஸ்டோரை ஒட்டிய சின்ன ரூம். சுவரெல்லாம் ஏலக்காய் வாசனை. மூலையில் கம்ப்யூட்டர், அதில் ஒரு வீரன் குகைக்குள் அப்படியே நின்றுகொண்டிருந்தான். வெளியே மழை பிடித்துக்கொண்டது. பாண்டி ஒரு கட்டன் போட்டுக் கொடுத்தான். மலையில் பால் விடாத டீக்கு அதுதான் பெயர்.

ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, என் வாய் வேறொன்றைச் சொன்னது.

“என்னப்பா பாண்டி... ஒரு வெளையாட்டுக்குப் போயி இப்படியா?”

அவன் என்னையே பார்த்தான். கிளாசைக் கீழே வைத்தான்.

“திரும்பிப் போற ஜீப்பு மூணு மணிக்கு சித்தப்பா. சாப்புட்டுட்டுப் போங்க.”

அவ்வளவுதான். கதவைச் சாத்துவதற்கு மலைக்காரன் கையாளும் மரியாதையான முறை அது. நான் வந்த சோலி என்னுடைய அந்த ஒரே வாக்கியத்தில் கெட்டுப்போனது.

நான் கட்டனை உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதே... பட்டென்று லைட் அணைந்தது. கம்ப்யூட்டர் மட்டும் அணையவில்லை. கீழே இருந்த யூபிஎஸ் பெட்டி ‘பீப்... பீப்...’ என்று கத்த ஆரம்பித்தது.

பாண்டி பாய்ந்து போய் உட்கார்ந்தான்.

“என்னப்பா ஆச்சு?”

“பேசாதீங்க சித்தப்பா. பத்து நிமிசம் தாங்கும். அதுக்குள்ள வெளக்குக்குப் போகணும்.”

ஓடினான். குகைக்குள் அந்த வீரன் ஓட, இங்கே இவன் நெற்றியில் வேர்வை ஓடியது. எதிரே வந்தவர்களோடு சண்டைகூடப் போடவில்லை, விலகி விலகி ஓடினான். அடியெல்லாம் முதுகில் வாங்கினான். பீப் சத்தம் நெருக்கமாகிக்கொண்டே வந்தது. எனக்குக் கேம் தெரியாது. ஆனாலும் கிளாசை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “வெரசாப் போப்பா... வெரசா!” என்று கத்திவிட்டேன்.

தூரத்தில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. “அந்தா... அதான்...” என்றான்.

திரை கறுத்துவிட்டது.

பக்கத்து ஸ்டோரில் ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. மெஷினுக்கு ஜெனரேட்டர் உண்டு, காய் காய வேண்டுமே. ஆள் இருக்கும் ரூமுக்குக் கிடையாது.

“மூணு மணி நேரம்” என்றான் பாண்டி, கறுத்த திரையைப் பார்த்தபடி. “இதோட நாலாவது தடவ. மழைன்னா மரம் விழும், மரம் விழுந்தா கரண்டு போகும். நான் தோத்துப்போயி மூணு மணி நேரம் போச்சுன்னா ஏத்துக்கிருவேன் சித்தப்பா. நான் தோக்கவே இல்லையே! நான் சாகல... கரண்டுதான் செத்துச்சு. எனக்கு ஆடத் தெரியலைன்னு மாப்ள அத்தன பேரு முன்னாடி சொல்லிட்டாரு.”

சொல்லிவிட்டு எழுந்து போய், எனக்குச் சாப்பாடு போட்டான். காதுகுத்தைப் பற்றி நான் பேச்செடுக்கவே இல்லை. எடுக்கத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை மதியம் போடியில் செந்தில் வீட்டுக்குப் போனேன். ஏழாம் பாகம்தான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறவன். ஹாலில் ஆள் உயரத்துக்கு டிவி, மூலையில் பெரிய பேட்டரியோடு இன்வெர்ட்டர். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, “வாங்க மாமா” என்றான்.

அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. “ஒவ்வொரு கதவுக்கு முன்னாடியும் சேவ் பண்ணிட்டு உள்ள போனா அது சண்டையா மாமா? ஜவுளிக்கடை டிரையல் ரூம் மாதிரில்ல ஆயிருது. பயம் இருக்கணும். போனா போச்சுங்கிற பயம் இருந்தாத்தான் அந்த வெளக்கைப் பாக்குறப்ப மனசு குளுரும். அது புரியாம, எனக்கு மண்டையில ஒண்ணுமில்லைன்னு எழுதுறாரு. எங்க ஆபீஸ்காரங்களும் அந்தக் குரூப்ல இருக்காங்க.”

பாண்டி சொன்னதைச் சொன்னேன். சொல் மாறாமல் – சாகல, கரண்டுதான் செத்துச்சு.

“நல்ல யூபிஎஸ்ஸா வாங்க வேண்டியதுதான மாமா?”

சமையலறை வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கவிதா நின்றிருந்தாள். எங்களைக் கடந்து வராண்டாப் பக்கம் போனாள்.

‘டிக்’ என்று ஒரு சத்தம்.

ஃபேன் ஒரு நொடி தயங்கி மறுபடி சுற்றியது. செந்தில் சிரித்தான். “பாத்தீங்களா மாமா? கரண்டு போயிருச்சு. நமக்குத் தெரியவே இல்ல.”

இரண்டாவது ‘டிக்’.

டிவி கறுத்தது. ஃபேன் நின்றது. வராண்டாவில் மெயினை அணைத்துவிட்டு வந்து, இன்வெர்ட்டர் சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் கவிதா நின்றிருந்தாள்.

“கவிதா!”

இவ்வளவு நாளில் செந்தில் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பிள்ளை வீறிட்டு அழுதது. அவன் எழுந்து நின்றுவிட்டான். வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் பார்த்துக்கொண்டேன்... உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்?

“எவ்வளவு நேரம் போச்சு?” என்றாள் கவிதா. குரலை உயர்த்தவே இல்லை.

“ரெண்டே முக்கா மணி நேரம்! அறிவிருக்கா ஒனக்கு? சொல்லிட்டாவது அமத்திருக்கலாம்ல!”

“மலையில கரண்டு சொல்லிட்டா போகுது?”

அவ்வளவுதான் சொன்னாள். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே அதே இடத்தில் நின்றாள்.

செந்தில் திரையைப் பார்த்தான். அதில் அவன் முகம்தான் தெரிந்திருக்கும். புழுக்கத்தில் மூன்று பேருக்கும் வேர்த்து ஊற்றியது. திடீரென்று பைக் சாவியை எடுத்தான். போச்சுடா, கோபித்துக்கொண்டு கிளம்புகிறான், நாளைக்குப் பிள்ளைக்கு அப்பனும் இல்லை மாமனும் இல்லை என்று நானும் எழுந்துவிட்டேன்.

வாசல் வரை போனவன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: “தாம்பாளத்த எடுத்தா. வெத்தல பாக்கு வையி.”

மலையில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. மறுநாள் பாண்டி சொன்னதோடு சரி: “மாப்ள வந்தாரு. தட்டக் குடுத்தாரு. நல்லா நனைஞ்சிருந்தாரு. ஒரு கட்டன் குடிச்சாரு. ஒண்ணும் பேசல சித்தப்பா. ரூம்ல யூபிஎஸ்ஸ மட்டும் கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தாரு.”

கருத்து வேறுபாடு, கருத்து வேறுபாடு என்று சண்டை போடுகிறோமே... அதில் பாதி, வீட்டு வசதி வேறுபாடு என்று எனக்குத் தோன்றுகிறது. இன்வெர்ட்டர் இருக்கிறவனுக்குக் கஷ்டம் என்பது சுவாரசியம். இல்லாதவனுக்குக் கஷ்டம் வெறும் கஷ்டம். இருவரும் ஒரே கேமைத்தான் ஆடினார்கள் என்று சொல்ல முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை. கோயில் வேப்பமரத்தடியில் பாண்டி புது வேட்டியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளையைச் செந்தில் தூக்கிக்கொண்டு வந்து அவன் மடியில் வைத்தான். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. “ஆடாமப் பிடிச்சுக்கங்க மச்சான்” என்றான். இரண்டு மாதத்தில் முதல் பேச்சு.

ஆசாரி குனிந்தார். பிள்ளை மலை அதிர அழுதது. பாண்டி அதைவிட மோசமாகக் கண் கலங்கினான். கவிதா அப்போதுதான் மூச்சுவிட்டாள்.

சண்டை தீர்ந்ததா? நீங்கள் வேறு! பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலை. “என்ன இருந்தாலும் மச்சான், அந்தக் கடைசிக் கோட்டைக்கு...” என்று செந்தில் ஆரம்பிக்க, “கோட்டையா மாப்ள அது?” என்று பாண்டி குழம்புக் கையோடு திரும்ப... பரிமாறியவர்கள் இரண்டு தடவை ரசத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள்.

கவிதா என் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டாள்.

“எட்டாம் பாகம் எப்ப சித்தப்பா வருதாம்?”

“ரெண்டு மூணு வருசம் ஆகும்னு பேசிக்கிட்டாங்க.”

விரல்விட்டு எண்ணினாள். முகம் தெளிந்தது.

“நல்லவேள. தாய்மாமன் வந்தே ஆகணுங்கிற அடுத்த விசேசம், இவ வயசுக்கு வர்றப்பத்தான். பத்துப் பன்னெண்டு வருசம் இருக்கு.”

அதற்குள் பதினோராம் பாகமே வந்துவிடும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை.