அம்மைக்குத் தேடுது

பாளையங்கோட்டைக் கச்சேரியில் என்னோடு குமாஸ்தாவாயிருந்த ஞானமுத்து, தானே ஆங்கிலத்தில் எழுதிய லீவு மனுவைக் கொண்டுவந்தார்.

“களக்காட்டுல அம்மைக்குச் சொகமில்ல. அவளுக்கு என்னையத் தேடுதாம். பிழையிருந்தா திருத்தித் தாரும், அண்ணாச்சி.”

எங்கள் பக்கம் ‘தேடுது’ என்றால் பார்க்க ஏங்குகிறது என்று பொருள். அவரோ, காணாமற்போனவனைத் தேடுவதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதியிருந்தார். நோயைப் பற்றி ஒரு வரியுமில்லை. நான் விட்டுப்போன ஓர் இடைச்சொல்லைச் சேர்த்து, முற்றுப்புள்ளி வைத்து, இலக்கணம் சரியென்று கொடுத்துவிட்டேன்.

‘மகன் இங்கிருப்பதைத் தாய்க்குத் தெரிவிக்கவும்’ என்றெழுதி, எங்கள் வெள்ளைக்காரத் துரை லீவை மறுத்தார். வேறு மனு எழுதுமுன் சாவுச்செய்தி வந்தது.

“கடைசிவரைக்கும் தேடிச்சாம், அண்ணாச்சி” என்றார் ஞானமுத்து.

நான் வைத்த முற்றுப்புள்ளி இன்னும் என் கண்ணில் தூசியாய் உறுத்துகிறது. இப்போதெல்லாம் யார் வந்தாலும், பேனாவைத் தொடுமுன், “என்ன சொல்லணும் வே?” என்று தமிழில் கேட்டுவிடுகிறேன்.