கோச்சிக்காரர் பதினொன்று

போன மாதம் ஒரு சனிக்கிழமை, குசினியில் குந்தியிருந்து இறால் கோது கழற்றிக்கொண்டிருந்தேன். மகள் வேலை விட்டு வந்து, கைத்தொலைபேசியை அரிசி டின்னில் சாத்தி வைத்துவிட்டு ஏதோ ஆங்கிலப் பாட்டைப் போட்டாள். அவள் போடுவதும் நான் காதில் வாங்காமல் இருப்பதும் எங்கள் வீட்டு வழமை. ஆனால் அன்றைக்கு ஒரு மௌத் ஓர்கன் சத்தம் வந்தது. கையில் இறாலோடு அப்படியே இருந்துவிட்டேன்.

"இது கோச்சிக்காரர் ஆறு," என்றேன்.

மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னம்மா சொல்றீங்க? இது அமெரிக்கா பாண்ட். அவங்கட ப்ளூஸ் ரொக் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அடுத்த பாட்டில நடுவில ஒருத்தன் இருமுவான். கேளு."

அடுத்த பாட்டு வந்தது. நடுவில் ஒருவன் இருமினான். பெற்று வளர்த்து இத்தனை வருடத்தில் மகள் என்னை அப்படி ஒரு மரியாதையோடு பார்த்தது அதுதான் முதல் தடவை.

கையைக் கழுவிவிட்டு, இறால் மணம் போகட்டும் என்று கொரோனா காலத்தில் வாங்கி மிஞ்சிக் கிடந்த ஸ்பிரிட்டைக் கொஞ்சம் தேய்த்துக்கொண்டேன். அந்த மணம் என்னை நேரே கொண்டுபோய் ரெக்கோடிங் பாரில் இருத்தியது. அங்கே காலையில் கடை திறந்ததும் என் முதல் வேலை, பஞ்சில் ஓடிக்கொலோன் தொட்டு டெக்கின் தலையைத் துடைப்பது. துடைக்காவிட்டால் பாடகர்கள் எல்லோருக்கும் தடிமன் பிடித்து மூக்கடைத்துவிடும். பிள்ளைத்தாச்சியாக இருந்த காலத்தில்கூட எனக்கு ஓடிக்கொலோன் மணம் குமட்டவில்லை. சம்பளம் வாங்கின மணம் அது.

ரெக்கோடிங் பார் என்றால் கசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் விளங்கவைக்க வேண்டும். அப்போதும் என் அம்மாவுக்குச் சொல்லித்தான் விளங்கவைத்தேன். வேலை கிடைத்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்ட அம்மா, இடத்தின் பெயரைக் கேட்டதும் வாயில் கையை வைத்தார். "பாரிலயா? பொம்புளப் புள்ளய பாருக்கா அனுப்புற?" அவரைச் சமாதானப்படுத்த ஒரு கிழமை சென்றது. பிறகும் கோயிலில் யாராவது கேட்டால், "எழுத்து வேலகா," என்றுதான் சொல்வார். அது பொய்யும் இல்லை. கசட் பெட்டிக்குள் வைக்கிற அட்டையில் பாட்டின் பெயர், படத்தின் பெயர், நம்பர் எல்லாவற்றையும் நான்தான் எழுதுவேன். கொன்வென்ட் எழுத்து. அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள்.

முதலாளி ஜவாத் நானா. காத்தான்குடியில் துணிக்கடைக் குடும்பம். சாரமும் சேலையும் விற்றுச் சலித்துப்போய், மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் பின்னால் இந்தக் கடையைத் திறந்தார். அவருடைய மச்சான் சவூதியில் வேலை. ஊருக்கு வருகிற யாரிடமாவது உடுப்புக்குள் சுருட்டிக் கசட் கொடுத்தனுப்புவார். பெட்டி இடத்தை அடைக்கும் என்று படம் போட்ட அட்டையையும் பெட்டியையும் எறிந்துவிட்டு வெறும் கசட்டை மட்டும்தான் அனுப்புவார். கசட்டின் மேலே பாண்ட் குழுவின் பெயரை அரபு எழுத்தில் கிறுக்கியிருப்பார். நானா அதை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வாசிப்பார். ஒருநாள் 'ப'வில் தொடங்கும், மறுநாள் 'பி'யில் தொடங்கும்.

"நீ ஒரு பேர வையன் புள்ள," என்றார் கடைசியில்.

முதல் பாட்டில் வந்த மௌத் ஓர்கன், பின்னேரக் கோச்சி, அதுதான் ரயில், ஏறாவூரைத் தாண்டி வரும்போது ஊதுகிற மாதிரியே இருந்தது. அதனால் 'கோச்சிக்காரர் 1' என்று எழுதினேன். உண்மையான பெயரை இப்போது மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே கோச்சிக்காரர் என்றே இருக்கட்டும்.

பாட்டுகளின் பெயர்களும் என் கைவண்ணம்தான். கொன்வென்டில் படித்த ஆங்கிலம், வாய்க்குள் வெற்றிலையை அதக்கிக்கொண்டு பாடுகிற அந்த மனிதனின் ஆங்கிலத்துக்கு உதவவில்லை. காதில் விழுந்ததை எழுதினேன். 'மாமா கோவிக்காதே' என்று ஒரு பாட்டு, 'சோறு வேணாம்' என்று இன்னொன்று. கல்லடியிலிருந்தும் ஆரையம்பதியிலிருந்தும் பொடியன்கள் வந்து, "அக்கா, அந்தச் சோறு வேணாம் இருக்கா?" என்று கேட்பார்கள். நானும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன்.

இரண்டு வருடங்களில் பதினொரு கசட்டுகள் வந்து சேர்ந்தன. வந்த வரிசையில் நம்பர் போட்டேன். வேறு எப்படிப் போடுவது? முதலில் வந்தது ஒன்று, பிறகு வந்தது இரண்டு. அவர்கள் அந்த வரிசையில்தான் பாடியிருப்பார்கள் என்பதில் கடையில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பிறகு நாங்கள் அந்த மனிதர்களின் கதையை அந்த நம்பர்களிலிருந்து வாசிக்கத் தொடங்கினோம்.

ஒன்றாம் நம்பரில் அவர்கள் பெரிய கூட்டம். வாசிக்கிறவர்களே ஐந்து பேர், அதில் இரண்டு கிற்றார், கீபோட், பின்னால் பெண்கள் கோரஸ். நாலில் பெண்களைக் காணவில்லை. ஏழில் கீபோட் இல்லை. ஒன்பதில் ஒரு கிற்றார்தான். பதினொன்றில் மூன்றே பேர், தகரக் கொட்டிலுக்குள் இருந்து பதிந்த மாதிரி ஒரு சத்தம். ஆனால் பாடுகிறவனின் குரல் மட்டும் நம்பர் ஏற ஏறத் தெளிந்துகொண்டே வந்தது.

"சிகரட்ட உட்டுட்டான் போல இரிக்கி," என்பார் நானா. "நம்மாக்களுக்கும் போட்டுக் காட்டணும்."

கீபோட்காரனுக்கு என்ன நடந்தது என்பது எங்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. செத்துப்போனானா, சண்டை பிடித்துக்கொண்டு போனானா, வேறு நாட்டுக்கு ஏறிவிட்டானா? அவன் இருந்த கடைசிக் கசட் ஆறு. அதைத் திரும்பத் திரும்பப் போட்டு, அவன் வாசிப்பில் ஏதாவது கவலை தெரிகிறதா என்று கேட்போம். தெரிகிறது என்றுதான் முடிவெடுத்தோம்.

இதில் அதிகம் தலையை உடைத்தவர் டெரிக் அண்ணன். டச்பார் என்ற ஊர்ப் பறங்கியர், போர்த்துக்கேய வழி வந்தவர். பகலில் மோட்டார் சைக்கிள் கராஜ், சனி ஞாயிறு கலியாண வீடுகளில் கிற்றார். அவருடைய குழுவும் ஐந்து பேர்தான். எண்ணெய்க் கையைச் சேட்டில் துடைத்துவிட்டு வந்து, கடை மரவாங்கில் இருந்து கோச்சிக்காரரைக் கேட்பார். கசட் வாங்குவது அருமை. நானாவும் அவரைத் துரத்தமாட்டார். நானும் அவர் வருகிற நேரத்துக்கு அட்டை எழுதுகிற மேசையைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போடுவேன். என் மகள் தமிழ்க் கட்டுரை எதையும் வாசிப்பதில்லை என்ற துணிவில் இதை எழுதுகிறேன்.

அந்த யுத்த வருடங்களில் ஊரை விட்டு ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஏன் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டெரிக் அண்ணனின் குழுவில் கீபோட் வாசித்தவர் கனடா போனார். அவர் போய் மூன்றாம் மாதம் இன்னொரு கிற்றார்காரர் கொழும்புக்குப் போய், அங்கிருந்து எங்கேயோ போனார். கோச்சிக்காரர் குழு குறைவதும் இவர் குழு குறைவதும் ஒரே நேரத்தில் நடந்ததால், அமெரிக்காவிலும் இதே பிரச்சினைதான் என்று நாங்கள் இயல்பாக எடுத்துக்கொண்டோம். டெரிக் அண்ணனின் ஒரே அக்கா டொரீன் ஏற்கெனவே மெல்பேர்னில். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தன்னோடு கூப்பிட்டுக்கொள்ள அவர் படிவங்களெல்லாம் நிரப்பி அனுப்பிவிட்டார். இவர் கையெழுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் படிவம் வைத்த அக்காவின் கடிதம் அவருடைய சேட்டுப் பையில் இருந்த நாளில்தான் பதினொன்று வந்தது. மத்தியானம், வெளியில் மாரி மழை. நானா கசட்டைப் போட்டார். டெரிக் அண்ணன் அன்றைக்கு வாங்கில் இருக்கவில்லை, நின்றுகொண்டே இரண்டு பக்கமும் கேட்டார்.

"எத்தின பேர் புள்ள இதில?"

"மூண்டு பேர்தான் போல."

"அஞ்சு பேரா இருந்தவனுகள். ஆள் போகப் போக எப்பிடி வாசிக்கிறானுகள் பார்த்தியா? முந்தியவிட உரமா. பயந்தவன் வாசிக்கிற வாசிப்பா இது?" கடிதத்தை எடுத்து நாலாக மடித்தார். "நான் போகல்ல. குழுவுக்கு மூண்டு பேர் காணும்."

நானா டெக்கை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "டெரிக், பாட்டக் கேட்டு ஆராச்சும் முடிவெடுப்பானா? அக்காட கண்ணீர் பொல்லாதுடா."

"முடிவு நேத்தே எடுத்திட்டன் நானா. இண்டைக்குத்தான் வாய் வந்திச்சு," என்றார். ஆனால் முந்தின நாள்தான் அவர் என்னிடம் வந்து, மெல்பேர்னில் குளிருக்கு என்ன உடுப்பு வேண்டும் என்று கேட்டிருந்தார். நான் அதை நானாவுக்குச் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷமாக இருந்தது.

அவர் தங்கினார். மூன்று பேராகக் கொஞ்சக் காலம் வாசித்தார்கள், பிறகு இரண்டு பேர், பிறகு அவர் மட்டும் மாதா கோயிலில். எனக்கு வேறு இடத்தில் கலியாணம் பேசி முடித்தார்கள். கடையை நானா மூடியதும் அந்தக் காலத்தோடு சேர்த்திதான்.

இனிக் குசினிக்கு வருவோம். மகள் தொலைபேசியில் அந்த பாண்டின் இசைத்தட்டுகள் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டினாள். எறியப்பட்ட அட்டைப் படங்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். "ஓம்மா, நீங்க சொன்ன மாதிரி இது ஆறாவதுதான்!" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்தது எங்கள் ஏழு வரும் என்று தொடச் சொன்னேன். வந்தது எங்கள் ஐந்து. எட்டு இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் நாலு. முதலாவதாக அவர்கள் போட்ட இசைத்தட்டைத் தொடச் சொன்னேன். தகரக் கொட்டில் சத்தம். மூன்று பேர். தாடி முளைக்காத மூன்று பொடியன்கள் படத்தில் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

நானாவின் மச்சான் முதலில் புதுசை வாங்கியிருக்கிறார். பிடித்துப்போனதால் ஒவ்வொன்றாகப் பழசைத் தேடித் தேடி அனுப்பியிருக்கிறார். நான் அதற்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டிருக்கிறேன். பதினொரு நம்பரையும் தலைகீழாகக் கவிழ்த்தால் ஆறு மட்டும் அசையாமல் நடுவில் நிற்கும் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. எங்கள் ஒன்றுக்குப் பிறகும் ஏழெட்டு இசைத்தட்டுகள் போட்டிருக்கிறார்கள். கிழவர்களாகி இன்னமும் பாடுகிறார்களாம். யாரும் சிகரட்டை விடவில்லை. எல்லோரும் எங்கள் பதினொன்றுக்குப் பிறகுதான் பழகியிருக்கிறார்கள்.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். மகளும் சிரித்தாள். பிறகு டெரிக் அண்ணனின் ஞாபகம் வந்தது. இறால் கறியில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது.

சொல்வதா விடுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். டொரீன் அக்கா இரண்டு வருடங்களுக்கு முன்பு மெல்பேர்னில் இறந்துபோனார். போனவர் ஒரு தடவையும் திரும்பி வரவில்லை. முதலில் பயம், பிறகு நோய். அந்த மரண வீட்டை டெரிக் அண்ணன் தொலைபேசியில்தான் பார்த்தார். இந்த நிலையில் போய், நீங்கள் நம்பிக் கேட்ட நம்பர் பிழை என்று சொல்வது நல்ல காரியமா? ஆனால் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. நாலாம் நாள் மகளின் தொலைபேசியை வாங்கிக்கொண்டு, கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்திலிருந்து ஓட்டோ பிடித்து டச்பாருக்குப் போனேன்.

கராஜில் ஒரு ஸ்கூட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றார். தலை முழுக்க வெள்ளை. விஷயத்தைச் சொன்னேன். வரிசையைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார்.

"அப்ப கீபோட்காரன் போகல்ல?"

"இல்ல அண்ணன். அவர் ஆறிலதான் வந்து சேர்ந்திருக்கார்."

"வந்தவனா?" முகம் சின்னப்பிள்ளை முகமாக மாறியது. "போடு, போடு, ஆறப் போடு."

போட்டேன். நாங்கள் கவலை என்று தீர்மானித்திருந்த அந்த வாசிப்பு வந்தது. "இஞ்ச பார், புது வீட்டுக்குக் குடி வந்தவன் மாதிரியெல்லோ வாசிக்கிறான்," என்று சிரித்தார். "நாமதான் அவன்ட செத்த வீட்டக் கொண்டாடியிருக்கம்." இருமல் வந்த இடத்தில் இருவரும் ஒன்றாக இருமிக் காட்டினோம். ஸ்கூட்டர்க்காரர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பாட்டு முடிந்தது. வந்த அலுவல் முடிந்தது என்று எழும்பியிருக்கலாம். நான் கேட்டுவிட்டேன்.

"அண்டைக்கே உங்களுக்குச் சரியான வரிசை தெரிஞ்சிருந்தா? போயிருப்பீங்களா?"

இல்லை புள்ள, எப்படியும் தங்கியிருப்பேன் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். அப்படிச் சொல்ல வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேட்டுப் பையில் போட்டார்.

"ஓம். போயிருப்பன்," என்றார். "மூண்டு பேராத் தொடங்கினவன் அஞ்சு பேராகினான் எண்டு தெரிஞ்சிருந்தா, ஆக்கள் இருக்கிற இடத்துக்கு நானும் போயிருப்பன். அக்காவ ஒருக்காக் கண்டிருப்பன்."

கோபமாகச் சொல்லவில்லை. என் தலையில் கையை வைத்துவிட்டு, "நீ என்ன செய்வாய் மனே, வந்தத எழுதினாய்," என்றார். பிறகு ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஓட்டோ, பழைய கடை இருந்த இடத்தைத் தாண்டி வந்தது. அங்கே இப்போது கைத்தொலைபேசிக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கும்போது, காணாமல் போனவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தேன்: கசட், ரெக்கோடிங் பார், ஐந்து பேர் நின்று வாசித்த கலியாண வீடு. மெல்பேர்னில் ஓர் அக்காவும் தம்பியும் எதிரெதிரே இருந்து தேத்தண்ணி குடித்திருக்க வேண்டிய பின்னேரங்களை அதில் நான் எழுதியிருக்கவில்லை.