ஓடை வண்டலில் விளைந்த கீரை

அத்தான் அந்த வண்டலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தது, ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம். ஊர்ச் சாக்கடைகள் சேரும் ஓடையைத் தூர்வாரி, கரையில் காயப் போட்டிருந்த கருப்பு வண்டல் அது. கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசி, நாக்கிலும் கொஞ்சம் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள்; நல்ல மண்ணைக் கண்டால் கை தானாக வாய்க்குப் போய்விடும். "உப்புக் கரிக்கல மாப்ள, நல்ல சத்து மண்ணு" என்றார். டிராக்டரில் அள்ளிவந்து தோட்டம் முழுக்கப் பரப்பினார்.

அத்தான் என் அக்காவின் கணவர். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். புரட்டாசியில் அவருடைய தண்டுக்கீரை இடுப்புயரம் நின்றது. தெருவில் ஒரு வீடு விடாமல் கட்டுக்கட்டாகக் கொடுத்தார். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகளுக்குத் தினமும் அதுதான். "ஏட்டி, இன்னொரு கரண்டி போட்டுக்க. ரத்தம் ஊறணும்லா" என்பார். "என்னைய ஆடுன்னு நெனச்சியளாப்பா?" என்று அவள் சிணுங்குவாள்.

ஐப்பசியில் தோட்டத்தைப் பார்க்க வந்த வேளாண்மை அலுவலர் அம்மாவுக்கு, ஓடை வண்டல் என்றதும் முகம் மாறியது. பழைய பேட்டரி உடைக்கும் பட்டறையும் சாயப்பட்டறையும் அந்த ஓடையில்தான் கழுவி விடுகின்றன. மண்ணையும் கீரையையும் வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். இரண்டிலும் ஈயமும் காட்மியமும் அளவுக்கு மீறி இருந்தன.

"நாக்குக்கு இது தெரியாது அண்ணாச்சி. வேகவச்சாலும் போகாது" என்றார் அவர்.

அத்தான் கேட்டது ஒன்றுதான். "வயித்துல இருக்க பிள்ளைக்கு?"

அலுவலர் அம்மா ஆய்வறிக்கையை மடித்து அத்தான் கையில் கொடுத்தார். "இன்னைக்கே டாக்டர்ட்ட காட்டிருங்க."

மகளின் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. கீரையை உடனே நிறுத்தச் சொன்ன மருத்துவர், தொடர்ந்து பார்க்க வேண்டும் என்றார். அன்றே அத்தான் பாத்தி பாத்தியாகப் பிடுங்கிக் குழியில் போட்டார். "ஆட்டுக்காவது தாங்களேன்" என்று கேட்ட பக்கத்துத் தோட்டக்காரரிடம், "ஆட்ட நாளைக்கு நீருதானவே திம்பீரு?" என்றார். பிறகு கீரை கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்துபோய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன். யாரும் அவரை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மார்கழியில் பேத்தி பிறந்தாள். முகம் பார்த்துச் சிரிக்கிறாள், தவழ்கிறாள். ஆனாலும் மருத்துவர் வரச்சொன்ன நாள் நெருங்கினால் அத்தானுக்குச் சோறு இறங்குவதில்லை. தோட்டத்தில் இப்போது மாலைக்குப் போகும் அரளி நிற்கிறது. வாய்க்குப் போகும் எதையும் அங்கே அவர் நடுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை அவரோடு சந்தைக்குப் போயிருந்தேன். பேத்திக்குப் பருப்போடு மசித்துக் கொடுக்கக் கீரை வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். அத்தான் ஒரு கீரைக்கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, எந்த ஊர்த் தோட்டம், என்ன உரம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்துக்கொண்டே போனார்.

கீரைக்காரம்மா சிரித்துவிட்டார். "கீர வாங்க வந்தியளா அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்தியளா?"

"பொண்ணுன்னா இம்புட்டு கேக்க மாட்டேன் தாயி. இது என் பேத்தி திங்கது."

அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தினார். "நான் மொத்தமா வாங்கி விக்கேன். எந்த மண்ணுல வெளஞ்சுதுன்னு எனக்கு எங்கன தெரியும்?"

அத்தான் கீரைக்கட்டை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்தார்.