வேலியோரத்து ஆவரசு

கடல் வந்து போன பிறகு எங்களுக்குக் கிடைத்த வீடு, கடலும் வாவியும் கண்ணில் படாத, சரளைக்கல் நிறைந்த ஒரு கிறவல் மேட்டில் இருந்தது. என் கணவரைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது நானும் அவருடைய தாயும். மாமிக்கு அவர் ஒரே பிள்ளை. ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் அழுதோம்.

மாமி கொண்டுவந்து நட்ட செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் அந்த மண்ணில் பிடிக்கவில்லை. குடிதண்ணீரே பவுசர் வண்டியில்தான் வந்தது. பூமரத்துக்கு எங்கே போவது? சந்தைக்குப் போகும் வழியில், கொளுத்தும் வெயிலிலும் ஆவரசு மஞ்சளாகப் பூத்து நிற்பதைப் பார்த்தேன். ஒரு செடியைப் பிடுங்கி வந்து நட்டேன். வாடிவிட்டது. பிறகு காய்ந்த நெற்றுகளைக் கொண்டுவந்து, விதைகளைக் கல்லில் உரசி, ஊறவைத்து, மாரி தொடங்கும்போது வேலியோரம் ஊன்றினேன்.

“காட்டுப் பத்தைய ஆராவது வளவுக்குள்ள வைப்பாங்களா புள்ள?” என்றார் மாமி.

மாரித் தண்ணீரே அதற்குப் போதுமாக இருந்தது. அடுத்த வெயில் காலம் அயல் முழுவதும் காய்ந்து கிடக்க, எங்கள் வேலி மட்டும் பூத்தது. அந்த நாட்களை நினைத்தால் இன்றும் முதலில் கண்ணுக்குள் வருவது அந்த மஞ்சள்தான். ஒரு காலை, முகம் கழுவிய தண்ணீரை மாமி அதன் அடியில் ஊற்றுவதைக் கண்டேன்.

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஷெல்லடி தொடங்கியதும் சனங்கள் இந்தக் கரைக்கு வந்தார்கள். எங்கள் வீட்டருகே முகாம் எழும்பியது. அங்கிருந்து ஒருவர், தகப்பனின் சீனி வருத்தத்துக்கு அவித்துக் கொடுக்க ஆவரசம்பூ கேட்டு வந்தார். மனைவியை ஷெல்லுக்குப் பறிகொடுத்தவர். பூவைப் பறித்ததும் போய்விடமாட்டார். சரிந்த வேலிக்கம்பை நிமிர்த்துவார், விட்டுவந்த வயலைப் பற்றி மாமியோடு கதைப்பார். மகன் போன பிறகு மாமி சிரித்ததை அப்போதுதான் கேட்டேன்.

ஊர் திரும்பிய பிறகும் அவர் வருவது நிற்கவில்லை. சண்டை முடிந்த வருடம் தகப்பன் இறந்துபோனார். அதற்குப் பிறகும் பூவுக்கு வந்தார். ஒருநாள் அவர் போனதும் மாமி என்னைக் கூப்பிட்டார்.

“அந்த மனிசன் இப்ப வாறது பூவுக்கில்ல புள்ள. உனக்கும் வயசு கிடக்கு. நீ ஓம் எண்டு சொன்னா நான் கதைக்கிறன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. அவரைப் பெற்ற தாயே இப்படிக் கேட்கலாமா? மகனை மறந்துவிட்டீர்களா என்று கேட்டுவிட்டேன்.

“மறக்கச் சொல்லல்ல,” என்றார். “என்ன விட்டிட்டுப் போகவும் சொல்லல்ல. நானும் வாறன்.”

நான் ஓம் சொல்லச் சில மாதங்கள் ஆயின. பிறகு கலியாணம் முடிந்து, மூவருமாகப் படுவான்கரைக்குப் போனோம். அவருடைய வயலோரத்து வீடு. கிணற்றில் கைக்கெட்டும் ஆழத்தில் தண்ணீர். “இவர் உங்கட மகனா?” என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், மாமி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஓம் என்பார்.