குளிர்ச்சேம்பு இலையில் ஒரு படையல்

ஐஸ் பட்டு விறைத்த விரல்களின் எரிவுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தை மாதத்தில் பல்லரோச் சந்தை மீன்கடைகளில் மீன் படாத ஐஸாகப் பார்த்து வாளியில் வாங்கி வந்து, பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால், அம்மா வேலை செய்த வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் நிழல் முற்றத்தில், பதினான்கு செடிச்சாடிகளின் மண்மேல் அம்மாவும் நானும் பரப்புவோம். ஹோஸ்டா என்ற அந்த அலங்காரச் செடி குளிரில் தூங்கி எழும்பினால்தான் இலையை அகல விரிக்கும். இந்தப் பலெர்மோ நகரத்துக் குளிர் அதற்குப் போதாது. சேம்பு போல இலை என்பதால் அம்மா அதற்கு வைத்த பெயர் "குளிர்ச்சேம்பு". இலையைத் தின்னும் நத்தைகளைப் பொறுக்குவது என் வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான் இன்று இந்த நகரத்தில் எட்டு வீட்டு முற்றங்களில் ஹோஸ்டா வளர்க்கிறேன் என்றால், பட்டம் பெற்ற தோட்டக்காரர்களே என்னிடம் வந்து சந்தேகம் கேட்கிறார்கள் என்றால், அது அந்த வாளியோடு படித்த படிப்பு.

ஊரில் செத்துப்போன அப்பாவின் "ஆட்டைத் திவசம்", முதல் வருடத் திதி, ஆனியில் வந்தது. அந்தக் காலத்தில் பல்லரோவில் வாழையிலை விற்க நம்மவர் கடை ஒன்றும் இல்லை. "கொப்பருக்குப் பீங்கான் தட்டிலையோ படைக்கிறது?" என்று அரிசி களையும்போது அம்மா இரண்டுதரம் சொல்லிவிட்டாள். நான் கத்தரிக்கோலோடு போய், கதவோரச் சாடியில் தாம்பாளம் அளவில் நீலம் பாய்ந்து கிடந்த இலையையும், அதற்கடுத்த ஐந்தையும் வெட்டி வந்தேன். அம்மாவின் முகம் வெளிறியது. "என்ன வேலை பாத்தனி, பிள்ளை?" என்றாள். பிறகு, வெட்டியது வெட்டியதுதானே என்று கழுவி, அப்பாவின் படத்துக்கு முன்னால் நுனியை இடப்பக்கமாக வைத்துச் சோறும் கத்தரிக்காய்க் கறியும் படைத்தாள்.

வடக்கே மலைப்பக்கத்திலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, ஏழு வருடம் பாடுபட்டு சிஞ்ஞோரா வளர்த்த செடி அது. மாலையில் மொட்டையாய் நின்ற சாடியைப் பார்த்து, யார் வெட்டியது என்று கேட்டார்.

"நான்தான், சிஞ்ஞோரா" என்றாள் அம்மா.

கத்தரிக்கோல் என் சட்டைப்பையில் இருந்தது. விசாவுக்குப் போகிற குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் அதிகாரியையே வாயடைக்க வைக்கிற இந்த வாய் அன்று திறக்கவில்லை. இதை எழுத்தில் ஒத்துக்கொள்வது இதுதான் முதல்தரம்.

வேலை போனது, சமையலறைக்குப் பின்னால் நாங்கள் படுத்த அறையும் போனது. கால்சாப் பகுதியில் ஈரச்சுவர் அறையொன்றில் இருந்துகொண்டு அம்மா பத்து வருடம் மாடிப்படி துடைத்தாள். ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். நானாகக் கதையெடுத்தபோதும், "விடு பிள்ளை, கொப்பர் இலையிலை சாப்பிட்டவர்தானே" என்றாள்.

அந்த முற்றத்துக்கு இப்போது சீமெந்து பூசி, சுற்றுலாக்காரருக்கு அறை விடுகிறார்கள். சிஞ்ஞோராவும் இல்லை, அம்மாவும் இல்லை. பல்லரோவில் வாழையிலை கட்டுக்கட்டாய்க் கிடைக்கிறது. ஆனாலும் போன மாதம் அம்மாவின் திவசத்துக்கு, என் சொந்த முற்றத்தின் மிகப் பெரிய ஹோஸ்டா இலையை வெட்டி, நுனியை இடப்பக்கம் வைத்துப் படைத்தேன். மாலைவரை அந்தச் சாடியடியில் கத்தரிக்கோலோடு இருந்தேன். யார் வெட்டியது என்று ஒருவரும் கேட்கவில்லை.