வாசனை வரும் போன் வந்தால் நாங்கள் காலி

இன்று காலை மீமிசலில் இருந்து அறந்தாங்கி போகும் பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் நின்ற அக்கா, "இத செத்த வச்சுக்கங்க தம்பி" என்று தன் மீன் பையை என் மடியில் வைத்துவிட்டார்.

சவூதியில் இருந்து அவர் வீட்டுக்காரர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் பஸ்ஸே கேட்டது.

"அடுத்து வாசனை வர்ற போன் வரப்போகுதாம். வந்ததும் ஆளுக்கொண்ணு வாங்கிருவோம். நீ வீடியோவுல காட்டுற மீன் கொழம்ப இங்கிட்டிருந்தே மோந்து பாத்துருவேன்."

"வாங்குங்க, வாங்குங்க" என்ற அக்கா, போனை வைத்ததும் என் பக்கம் குனிந்தார்.

"நெசமாவே வருமா தம்பி?"

"இப்பத்திக்கு வராதுக்கா. ஏன்?"

"காட்டுறது பக்கத்து வீட்டுக் கொழம்பு. நான் வச்சா அடிப்புடிச்சிரும்."

நான் சிரித்து முடிப்பதற்குள் என் மேனேஜர் கூப்பிட்டார், எங்கே இருக்கிறேன் என்று.

"ஆபீஸ் வாசல்லதான் சார், வண்டிய நிப்பாட்டிக்கிட்டு இருக்கேன்."

மீன் தண்ணீர் என் பேண்ட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்களுக்கும் அந்தப் போன் ஆகாது போலயே."

அடுத்த போனில் பேட்டரி நிற்கட்டும், கேமரா கூடட்டும். மூக்கு மட்டும் வேண்டாம். வேண்டும் என்பவர்கள் கமெண்டில் வரலாம். வரும்போது உங்கள் வீட்டுக் குழம்பு யார் வைத்தது என்பதையும் சொல்லிவிடுங்கள்.